மின்சாரம் ஓடும் கம்பியிலேயே வேலை! லைன்மேனுக்கும் உங்கள் யுபிஎஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

"பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை." செய்தித்தாளில் இந்த அறிவிப்பைப் பார்த்ததும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கம்ப்யூட்டராகத்தான் இருக்கும். புதிதாக வாங்கியது ஆயிற்றே! யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும்? பாதியில் நிற்கும் டவுன்லோட் என்ன ஆகும்? இன்வெர்ட்டர் வாங்கிவிடலாமா?

கேள்விகள் எல்லாம் நியாயமானவைதான். ஆனால் அந்த 5 மணி நேரத்தில் கம்பத்தின் மேலே ஒரு மனிதர் வெறும் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பார். அவருடைய உயிருக்கும் உங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அது மட்டுமல்ல, மின்சாரத்தை நிறுத்தாமலே 4,00,000 வோல்ட் கம்பியில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எப்படி உயிரோடு திரும்புகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், உங்கள் கம்ப்யூட்டரைக் கையாள்வதிலும் சில விஷயங்கள் தெளிவாகும்.

எதற்காக ஷட்டவுன்?

கம்ப்யூட்டரில் நாம் 'ஷட் டவுன்' கொடுப்பதுபோல மின்வாரியத்தாரும் 'ஷட்டவுன்' என்றுதான் சொல்கிறார்கள். இன்சுலேட்டரில் படிந்த தூசியைத் துடைக்க வேண்டும். விரிசல் விட்ட பீங்கானை மாற்ற வேண்டும். தளர்ந்த ஜம்பரை இறுக்க வேண்டும். கம்பியில் உரசும் மரக்கிளைகளை வெட்ட வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் விட்டால், ஒரு நாள் மழையில் கம்பியே அறுந்து விழும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வட மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்தன. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் 7 பேர் உயிரிழந்தார்கள். அதே டிசம்பர் 13-ஆம் தேதி மலைமேல் கார்த்திகை தீபம் ஏற்றப்பட்டது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விளக்குகள் எரிய வேண்டும், லட்சக்கணக்கானவர்கள் வந்து போக வேண்டும் என்றால், அதற்குப் பின்னால் கம்பம் ஏறுபவர்களின் உழைப்பு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆஃப் செய்தால் போதாதா?

போதாது! இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய முக்கியமான பாடமே இதுதான். சுவிட்சை அணைத்திருப்பது வேறு, மின்சாரம் இல்லாமல் இருப்பது வேறு.

உங்கள் டெஸ்க்டாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாயிற்று. திரை இருண்டுவிட்டது, ஃபேன் நின்றுவிட்டது. ஆனால் பவர் கார்டு செருகியிருந்து சுவிட்சும் போட்டிருந்தால், மதர்போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். முன்பக்க பட்டனைத் தொட்டதும் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்வது இதனால்தான். பவர் சப்ளை பெட்டிக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில், கார்டைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். இந்தப் பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான்.

மின்கம்பியிலும் இதே கதைதான். ஆகவே சுவிட்சை அணைத்ததும் லைன்மேன் ஏறிவிடக் கூடாது. முறைப்படி செய்ய வேண்டியவை இவை:

1. துணைமின் நிலையத்திடம் 'எல்.சி.' வாங்க வேண்டும். லைன் கிளியர் என்பதன் சுருக்கம் இது. இன்ன லைன், இன்ன நேரம், வேலை செய்பவர் இன்னார் என்று பதிவாகும். அவர் திருப்பிக் கொடுக்கும் வரை யாரும் சுவிட்சைப் போடக் கூடாது.

2. இணைப்பைத் துண்டித்து, இடைவெளியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

3. வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டி, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையை மாட்ட வேண்டும்.

4. கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதிக்க வேண்டும்.

5. வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்டு, எல்லாக் கம்பிகளையும் பூமியோடு இணைக்க வேண்டும்.

எர்த் ராடு போடுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பூமிப் பக்கம், பிறகுதான் கம்பிப் பக்கம். எடுக்கும்போது தலைகீழ். கம்பிப் பக்கம் முதலில், பூமிப் பக்கம் கடைசியில். வரிசை மாறினால், உயிரைக் காக்க வந்த ராடே உயிரை வாங்கிவிடும்.

அது சரி, எர்த் ஏன் இரண்டு பக்கமும்? மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. அருகில் ஓடும் இன்னொரு லைனிலிருந்து தூண்டப்பட்டு வரலாம். தவறாக மாட்டிய ஒரு ஜெனரேட்டரிலிருந்தும் வரலாம். அந்த ஜெனரேட்டருக்குப் பிறகு வருவோம்.

நிறுத்தவே முடியாத லைன்கள்

தெருவில் ஓடும் கம்பியை 5 மணி நேரம் நிறுத்தினால் சில தெருக்களுக்குத்தான் சிரமம். ஆனால் வயல்களுக்கு நடுவே ராட்சதக் கோபுரங்களில் ஓடும் லைன்கள் அப்படி அல்ல. வேலூர் அருகே திருவலத்தில் 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்சார லைன் 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அதன் திறன் 6,000 மெகாவாட். இப்படிப்பட்ட ஒரு லைனை நிறுத்தினால், அதன் சுமை முழுவதும் பக்கத்து லைன்களின் தலையில் விழும்.

அப்படி விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாடு 2012-இல் பார்த்தது. பீனா, குவாலியர், ஆக்ரா வழியே செல்லும் 400 கிலோவோல்ட் பாதையில் ஒரு சர்க்யூட்டைத் தரம் உயர்த்தும் பணிக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜூலை 30 அதிகாலை 2.33 மணியளவில் மிச்சமிருந்த சர்க்யூட் சுமை தாங்காமல் டிரிப் ஆனது. சில நொடிகளில் வட இந்தியா முழுவதும் இருண்டது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று பகுதிகளும் சேர்ந்து விழுந்தன. 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது! தென்னகம் அப்போது அந்தத் தொகுப்போடு ஒரே கதியில் இணைக்கப்படாமல் இருந்ததால் நாம் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31 முதல் நாமும் அதே தொகுப்பில்தான் இருக்கிறோம்.

அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் பெரிய லைன்களை அவ்வளவு சுலபமாக நிறுத்த முடியாது என்பது புரிகிறதல்லவா? இதற்காக வந்ததுதான் 'ஹாட்லைன்' வேலை. அதாவது, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பராமரிப்பு. இதற்கென்றே தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனம் பெங்களூரில் ஒரு ஹாட்லைன் பயிற்சி மையம் நடத்துகிறது. பயிற்சி பெறாத யாரும், எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும், இந்த வேலையைத் தொடக் கூடாது.

குருவி சொல்லும் பாடம்

மின்கம்பியில் குருவி உட்கார்ந்திருக்கிறது. ஏன் ஷாக் அடிக்கவில்லை?

தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் தண்ணீர் பாயும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் பாயாது. மின்சாரமும் அப்படியே. குருவியின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. வித்தியாசம் இல்லை, ஆகவே உடம்பு வழியே ஓட்டமும் இல்லை. ஆனால் பெரிய வௌவால் இறக்கையை விரித்து இரண்டு கம்பிகளைத் தொட்டுவிட்டால் அடுத்த நொடி கருகிவிடும். கம்பியையும் இரும்புக் கம்பத்தையும் சேர்த்துப் பிடிக்கும் குரங்குக்கும் அதே கதிதான்.

தரையில் நிற்கும் நாம் ஏற்கெனவே 'பள்ளத்தில்' இருக்கிறோம். ஆகவே ஒரு கம்பியைத் தொட்டாலே போதும், ஆபத்துதான். ஆளைக் கொல்ல எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் தெரியுமா? 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 50 மில்லி ஆம்பியர் அளவில் இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிவிடலாம். உங்கள் மேஜை மேல் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பே சுமார் 40 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது!

மூன்று வழிகள்

ஹாட்லைன் வேலை மூன்று வகைப்படும்.

முதலாவது, 'ஹாட் ஸ்டிக்' முறை. லைன்மேன் கம்பியிலிருந்து விலகி நின்று, நீண்ட ஃபைபர் கிளாஸ் கோலால் வேலை செய்வார். கோலின் நுனியில் ஸ்பேனர், கொக்கி என்று விதவிதமான கருவிகளை மாட்டலாம். கோலில் ஈரமோ அழுக்கோ இருந்தால் அதன் வழியே மின்சாரம் கசியும். அதனால் ஒவ்வொரு முறையும் துடைத்துச் சோதித்த பிறகே அதைப் பயன்படுத்துவார்கள்.

இரண்டாவது, ரப்பர் கையுறை முறை. 11 கிலோவோல்ட் போன்ற குறைந்த அளவுகளுக்கு இது ஏற்றது. மின்சாரம் கடத்தாத கூடை பொருத்திய வண்டியில் நின்றுகொண்டு, சோதிக்கப்பட்ட கையுறையோடு வேலை செய்வார்கள். பக்கத்துக் கம்பிகளை ரப்பர் உறைகளால் மூடிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் வியப்பானது. 'பேர் ஹேண்ட்', அதாவது வெறுங்கை முறை! 1960-இல் அமெரிக்காவில் ஹரால்ட் ரோர்டன் என்ற பொறியாளர் உருவாக்கிய வழி இது. லைன்மேன் குருவியாகவே மாறிவிடுகிறார். மின்சாரம் கடத்தாத ஏணியிலோ கூடையிலோ கம்பியை நெருங்கி, கம்பியின் மின்னழுத்தத்துக்கே தன்னையும் உயர்த்திக்கொள்கிறார். 400 கிலோவோல்ட் லைனில் ஒரு கம்பிக்கும் பூமிக்கும் இடையே இருப்பது சுமார் 2,30,000 வோல்ட். உங்கள் வீட்டு 230 வோல்ட்டைப் போல சரியாக ஆயிரம் மடங்கு!

அவர் அணிவது சாதாரண உடை அல்ல. மெல்லிய எஃகு இழைகள் கலந்து நெய்த, மின்சாரம் கடத்தும் உடை. தொப்பி, கையுறை, காலுறை, காலணி என எல்லாமே ஒன்றோடொன்று இணைந்திருக்கும். கடத்தாத உடைதானே பாதுகாப்பு என்று தோன்றுகிறதா? இந்த இடத்தில் கணக்கு தலைகீழ். 1836-இல் மைக்கேல் ஃபாரடே காட்டியபடி, உலோகக் கூண்டுக்குள் இருப்பவரை வெளியிலுள்ள மின்புலம் தாக்காது. அந்த உடை, உடம்பைச் சுற்றிய ஒரு கூண்டு.

கம்பியைத் தொடுவதற்கு முன், உடையோடு இணைந்த ஓர் உலோகக் கோலை அவர் நீட்டுவார். 'படபட'வென்று தீப்பொறி பறக்கும். உடனே கிளாம்ப்பைக் கம்பியில் மாட்டிவிடுவார். அதன் பிறகு கம்பியும் அவரும் ஒரே மட்டம். வேலை முடியும் வரை கிளாம்ப்பைக் கழற்றக் கூடாது. கோபுரத்தில் நிற்கும் சக ஊழியர் ஒரு ஸ்பேனரைக்கூட நேரடியாக நீட்டக் கூடாது. உலர்ந்த, கடத்தாத கயிற்றில்தான் அனுப்ப வேண்டும்.

இடைவெளிதான் அவருக்குக் கவசம். காற்று நல்ல நிலையில் 1 சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் தாங்கும். ஆனால் கூர்மையான முனைகள், ஈரம், திடீர் மின்னழுத்த ஏற்றம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து மீட்டர் கணக்கில் இடைவெளி விடுவார்கள். மழை, இடி, பலத்த காற்று என்றால் வேலையே கிடையாது. லைன் டிரிப் ஆனால் தானாக மீண்டும் போட்டுக்கொள்ளும் வசதியையும் அன்று நிறுத்தி வைப்பார்கள்.

உங்கள் மேஜையிலும் ஒரு ஹாட்லைன்!

கம்ப்யூட்டரை அணைக்காமலே பென் டிரைவைச் செருகுகிறீர்கள், எடுக்கிறீர்கள். சர்வர்களில் ஹார்ட் டிஸ்க்கையே ஓட்டத்தில் மாற்றுகிறார்கள். இதற்கு 'ஹாட் ஸ்வாப்' என்று பெயர். இது எப்படி முடிகிறது? யுஎஸ்பி பிளக்கின் உள்ளே உற்றுப் பாருங்கள். நான்கு தகடுகளில் ஓரத்தில் உள்ள இரண்டும் சற்று நீளமாக இருக்கும். அவை பவரும் கிரவுண்டும். செருகும்போது முதலில் தொடுவதும், உருவும்போது கடைசியில் பிரிவதும் அவைதான். லைன்மேனின் கிளாம்ப் செய்யும் அதே வேலை!

ஆனால் ராம், கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்த ஏற்பாடு கிடையாது. கேபினெட்டைத் திறக்கிறீர்களா? ஷட் டவுன் செய்து, கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்திவிட்டுத் தொடுங்கள்.

தேரும் கம்பியும்

கோயில் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. திருவண்ணாமலையில் தீபத் திருவிழாவின் 7-ஆம் நாள் மாட வீதிகளில் தேரோட்டம். தேர் வரும் நேரத்தில் வீதியின் மின்சாரத்தை நிறுத்துவது கோயில் ஊர்களின் வழக்கம். வீட்டில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டதே என்று அன்று யாரும் முணுமுணுக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். கம்பியைத் தொடவே வேண்டாம், அருகே போனாலே போதும் என்பதை மறக்காதீர்கள். விதிகளின்படி 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும். மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா வைக்கும்போதும், இன்டர்நெட் கேபிளை இழுக்கும்போதும் முதலில் அண்ணாந்து பாருங்கள்.

இப்போது உங்கள் இன்வெர்ட்டர்

ஜெனரேட்டரிடம் வருவோம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து உங்கள் வீட்டுக்கு 230 வோல்ட்டாக அனுப்புகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குத் திசை தெரியாது! இந்தப் பக்கம் 230 வோல்ட் கொடுத்தால் அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும்.

ஊரில் மின்தடை. ஒருவர் சின்ன ஜெனரேட்டரை வாங்கி, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் அதைச் சுவரிலுள்ள பிளக் பாயிண்ட்டில் செருகுகிறார். வீடு முழுவதும் வெளிச்சம்! மெயின் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார். மின்சாரம் வீட்டோடு நிற்காமல் வெளியே கம்பத்துக்கும் போகிறது. பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீடுகளின் சுமையில் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். ஆனால் பழுதுக்காக அந்த இடத்தில் லைன் துண்டாகி, சுமை குறைவாக இருந்தால் நிற்காது. துணைமின் நிலையத்தில் எல்.சி. கொடுத்தாயிற்று. சுவிட்ச் திறந்திருக்கிறது. கம்பியிலோ உயிர் இருக்கிறது. கம்பத்தில் இருப்பவர் எர்த் ராடு போடாமல் விட்டிருந்தால், அவருடைய குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வது?

ஹாட்லைன்காரர் கம்பியில் மின்சாரம் இருப்பது தெரிந்தே, அதற்கான உடையோடும் கருவியோடும் நெருங்குகிறார். 'மின்சாரம் இல்லை' என்று நம்பி வெறுங்கையோடு ஏறும் சாதாரண லைன்மேனுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* இரண்டு பக்கமும் பிளக் உள்ள ஒயர் வீட்டில் இருந்தால் இன்றே வெட்டிப் போடுங்கள்.

* ஜெனரேட்டர் என்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். மின்வாரியம், ஜெனரேட்டர் இரண்டும் ஒரே நேரத்தில் சேர முடியாதபடி அது தடுக்கும்.

* இன்வெர்ட்டர் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். மின்தடையின்போது இன்வெர்ட்டரில் சேர்க்காத விளக்கும் எரிந்தால், ஒயரிங் கலந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே சரி செய்யுங்கள்.

* கம்ப்யூட்டரை நேரடியாக யுபிஎஸ்ஸின் பின்பக்க சாக்கெட்டில் செருகுங்கள். யுபிஎஸ்ஸின் அவுட்புட்டைச் சுவர் பாயிண்ட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

* மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். கசிவு ஏற்பட்டால் நொடியின் சிறு பகுதியில் துண்டித்துவிடும்.

* அறிவிக்கப்பட்ட மின்தடை என்றால் 10 நிமிடம் முன்பே வேலையை சேவ் செய்து ஷட் டவுன் கொடுங்கள். பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி – பதில்

கூரையில் சோலார் போட்டிருக்கிறேன். நல்ல வெயில் அடிக்கிறது. ஆனால் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே, பழுதா?

பழுது இல்லை. பேட்டரி இல்லாத சோலார் இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிட வேண்டும் என்பதே விதி. கம்பத்தில் இருப்பவரின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. பேட்டரியோடு வரும் வகைகள் முதலில் வெளி இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் வீட்டுக்கு மின்சாரம் தரும்.

சின்ன யுபிஎஸ்தானே, அதனால் என்ன ஆபத்து?

கம்ப்யூட்டரை அதில் செருகிப் பயன்படுத்தும் வரை கம்பத்தில் இருப்பவருக்கு ஆபத்து இல்லை. வீட்டு ஒயரிங்கோடு அதைச் சேர்க்க நினைத்தால்தான் ஆபத்து.

தெருவில் கம்பி அறுந்து கிடக்கிறது. கரண்ட் இல்லாத நேரம்தான். ஒதுக்கிப் போடலாமா?

கூடவே கூடாது! அது அணைந்திருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. யாரையும் அருகில் விடாமல் நின்று, மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்ணான 94987 94987-க்கு போன் செய்யுங்கள். கம்பத்தில் எர்த் ராடு மாட்டியவர் வந்து பார்த்துச் சொல்லும் வரை அந்தக் கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.